லயத்துக் குழாயில் தண்ணீர் நின்ற ஆறு நாட்கள்

1

மலாயாவுக்கு நான் வந்து இந்தத் தை மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் நிறைந்துவிட்டது. இத்தனை காலமும் ஊருக்கு எழுதிய கடிதங்களில் நல்லதைத்தான் எழுதினேன். இவருக்குப் பதவி உயர்ந்ததை, மகன் வகுப்பில் முதலாவதாக வந்ததை, குவார்ட்டர்ஸில் மின்சார விளக்குப் போட்டதை எல்லாம் எழுதினேன். இந்தப் பங்குனியில் நடந்ததை மட்டும் எழுத மனம் வரவில்லை. தம்பிக்கு எழுத உட்கார்ந்து மூன்று தரம் கடதாசியைக் கிழித்துப் போட்டேன். ஒருவருக்கு எழுத முடியாததைப் பலருக்கு எழுதிவிடலாம் போல இருக்கிறது. அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. ரெயில்வேயில் சாமான் காரியாலயத்தில் தலைமைக் கிளாக்கர். நாங்கள் இருப்பது இரண்டு தண்டவாளங்கள் சந்திக்கிற ஒரு சிறிய ஊர். கிளாக்கர்மாரின் வீடுகள் பள்ளத்தில் வரிசையாக இருக்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் லாலான் புல் மூடிய ஒரு மேடு. மேட்டின் உச்சியில் தண்டவாளம் போடுகிற தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயங்கள் என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள், நாற்பது குடும்பம் இருக்கும். ஏழு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அந்த மேட்டில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அவர்கள் சமைக்கிற புகையைப் பின்வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை. பின்னேரம் நாலு மணியானால் மழை வந்துவிடும். நான் போட்ட முருங்கையும் கறிவேப்பிலையும் கத்தரியும் பயிற்றையும் அந்த மழையில்தான் வளர்ந்தன. முருங்கை விதை அம்மா சீலைத் துண்டில் முடிந்து தந்தது. இந்த வருஷம் தைப்பொங்கலோடு மழை நின்றது. மாசி முழுக்க ஒரு துளி இல்லை. மண் வெடித்தது. நான் வாளியால் தண்ணீர் சுமந்து நாரி நோக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, இவர் சீனன் கடையில் சிவப்பு றப்பர்க் குழாய் ஒன்று வாங்கி வந்தார். அறுபது அடி. பின்வாசல் குழாயில் மாட்டிவிட்டால் வேலி வரைக்கும் போகும்.

அந்தக் குழாய் எனக்குத் தந்த சந்தோஷத்தைச் சொன்னால் ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் விளங்கும். எங்கள் ஊரில் ஒரு பாத்திக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் இரண்டு பேர் கிணற்றுத் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க வேண்டும். ஒருவர் கிணற்றடியில் நின்று தண்ணீரோடு வருகிற ஓலைப் பட்டையைக் கவிழ்க்க வேண்டும். இன்னொருவர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்க வேண்டும். இங்கே குழாயின் வாயில் பெருவிரலை வைத்து அமத்தினால் தண்ணீர் விசிறிக்கொண்டு போகிறது. ஒருவரும் மிதிக்கவில்லை, ஒருவருக்கும் வியர்க்கவில்லை. யாருடைய உழைப்பும் இல்லாத தண்ணீர் என்று நான் நினைத்தேன்.

2

பங்குனி பிறந்ததும் நோட்டீஸ் வந்தது. ஒரே தாளில் நாலு பாஷை. மலை மேலே இருக்கிற நீர்த்தேக்கம் வற்றிப் போய்விட்டதாம். காலை ஐந்து முதல் ஏழு வரைக்கும், மாலை ஐந்து முதல் ஏழு வரைக்கும் மட்டும் குழாயில் தண்ணீர் வருமாம். றப்பர்க் குழாயால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது குற்றம். மீறினால் வழக்கு. தமிழில் அச்சுக் கோத்தவர் றப்பரை விளங்கிக்கொள்ளவில்லை போலும். “இறப்புக் குழாய் கொண்டு தோட்டங்களுக்கு நீர் விடுவோர் தண்டிக்கப்படுவர்” என்று போட்டிருந்தது. நான் அதை இவருக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை. அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவரின் வீட்டில் அரசாங்க உத்தரவை மீறக்கூடாது, குழாயைச் சுருட்டி உள்ளே வையும் என்றார். நான் ஓம் என்றேன். மறுநாள் விடிய ஐந்து மணிக்கே இவர் சவரம் செய்துகொண்டிருந்த நேரம் குழாயைப் பின்வாசலில் மாட்டி, விசிறி அடிக்காமல் ஒவ்வொரு கன்றின் அடியிலும் மெல்ல விட்டேன். முருங்கை பூத்திருந்தது. பூவோடு அதைச் சாக விட என்னால் முடியவில்லை. வெளிச்சம் வருவதற்குள் குழாயைச் சுருட்டிக் குளியலறையில் வைத்துவிட்டேன். ஆறு நாள் இப்படிச் செய்தேன்.

என் மகன் ராசனுக்குப் பதினொரு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், சாரணர் படையிலும் இருக்கிறான். இரண்டாம் நாளே அவன் கண்டுபிடித்துவிட்டான். ஈர மண்ணைக் காட்டி, சட்டம் என்பதற்கு இங்கிலீஷ் சொல்லைப் போட்டு, “அம்மா, இது லோ. செய்யக்கூடாது” என்றான். மரம் செத்துப் போகுமே மகன் என்றேன். “மரம் தண்ணி சாப்பிடாட்டிச் சாகும்தான். ஆனா லோ எண்டா லோ” என்றான். தண்ணி சாப்பிடுறதில்லை, குடிக்கிறது என்று திருத்தினேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவனுடைய தமிழைத் திருத்தியதில் அவன் சொன்ன விஷயம் எனக்கு மறந்து போய்விட்டது. அல்லது மறந்து போக விட்டேன்.

3

ஆறாம் நாள் விடிய, நான் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கையில் பின் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள். இடுப்பில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். சீலையெல்லாம் லாலான் புல்லின் பனி. வயது இருபத்தைந்து இருக்கும். பெயர் அஞ்சலை என்று பிறகு அறிந்தேன். அவள் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகத் திறந்தது.

“வெளியிலை நில். தகரத்தைக் கீழை வை, நான் ஊத்திறன்.”

அவள் தகரத்தைக் கீழே வைக்கவில்லை. என்னையும் என் கையில் ஓடிக்கொண்டிருந்த குழாயையும் பார்த்தாள்.

“உங்க தண்ணி எனக்கு வேணாங்கம்மா,” என்றாள். “நீங்க பைப்ப மூடுங்க. மூடுனா எங்க தண்ணி எங்களுக்கு வரும்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கோபமில்லாமல் விளங்கப்படுத்தினாள். லயத்தில் நாற்பது வீட்டுக்கும் ஒரே குழாய். அதுவும் மேட்டின் உச்சியில். தண்ணீர் குறைந்ததிலிருந்து கீழே யாராவது குழாயைத் திறந்தே விட்டால் மேலே ஏறுவதில்லை. ஆறு நாளாகக் காலையில் வேலைக்குப் போகிற நேரம் வரைக்கும் ஒரு சொட்டும் வரவில்லை. ஆம்பிளைகள் தண்ணீர் குடிக்காமல் தண்டவாள வேலைக்குப் போகிறார்கள். மாலையில் வருகிற தண்ணீர் நாற்பது வீட்டுக்குப் போதாது. பிள்ளைகள் தண்டவாளத்து ஓடையில் அள்ளிக் குடிக்கிறார்கள். இன்றைக்கு விடிய அவள் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தபோது குழாய் பாம்பு மாதிரி தெரிந்ததாம். அதனால் இறங்கி வந்தாளாம்.

“எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு. வயித்தால போயி ஆஸ்பத்திரியில கெடக்கு,” என்றாள்.

நான் ஓடிப் போய்க் குழாயை மூடினேன். திரும்பி வந்து பார்த்தபோது அவள் பாதி மேடு ஏறிவிட்டாள். சிறிது நேரத்தில் மேலேயிருந்து தகரங்கள் மோதுகிற சத்தமும் பெண்களின் குரலும் கேட்டன.

கத்தரிப் பாத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய பிள்ளையை நினைத்துப் பயந்தது உண்மை. அதைவிடப் பெரிதாக என்னை உலுக்கியது என் வாயிலிருந்து வந்த சொல். வெளியிலை நில், கீழை வை, நான் ஊத்திறன். பதினெட்டு வருஷமாக அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது ஒரு எழுத்தும் குறையாமல் உள்ளே இருந்திருக்கிறது.

4

நான் பிறந்தது அரியாலையில், கடல்நீரேரிக்கு அரை மைல் இந்தப் பக்கம். அப்பு, அதாவது என் தகப்பனார், புகையிலைத் தோட்டம் செய்தார். எங்களுக்கு இரண்டு கிணறு. தோட்டக் கிணறு ஒன்று, வீட்டுக் கிணறு ஒன்று. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு மாதிரி. நீரேரிக்கு அவ்வளவு கிட்ட அப்படி ஒரு கிணறு வேறு இல்லை.

எங்கள் காணிக்குப் பின்னால் குடியிருந்த கந்தன் தோட்டக் கிணற்றில் துலா மிதிப்பான். அவனுடைய பெண்சாதி சின்னி. தோட்டக் கிணற்றின் துலாவில் கந்தன் ஏறலாம், நாள் முழுக்க இறைக்கலாம். வீட்டுக் கிணற்றின் கயிற்றை அவனோ அவன் வீட்டாரோ தொடக்கூடாது. குடிக்கிற தண்ணீருக்குச் சின்னி குடத்தோடு வந்து வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் யாராவது அள்ளி, அவளுடைய குடத்தில் வாளி முட்டாமல் ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு அது என் வேலை. வெளியிலை நில், குடத்தைக் கீழை வை, நான் ஊத்திறன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். சின்னி என் அம்மாவின் வயதுக்காரி. அவள் எனக்கு நாச்சியார் என்பாள், நான் அவளுக்குச் சின்னி என்பேன். இது ஏன் இப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதான வருஷம் மாரி பொய்த்தது. பங்குனியில் தோட்டக் கிணற்றில் பட்டை சேற்றில் முட்டியது. புகையிலை முழங்கால் உயரத்தில் நின்று வாடியது. அப்பு வீட்டுக் கிணற்றுக்கும் துலாப் போட்டுத் தோட்டத்துக்கு இறைக்கத் தொடங்கினார். அது வீட்டுக் கிணறு என்றபடியால் கந்தனை ஏற விடவில்லை. எங்கள் சொந்தக்காரர் மிதித்தார்கள். கந்தன் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றான். புகையிலைக்குத் தண்ணீர் விட்டு முடியுமட்டும் வேலிக்கு வெளியே ஒருவருக்கும் ஊற்றக்கூடாது என்று அப்பு சொல்லிவிட்டார். சின்னி காலையில் வந்து நின்றால் மத்தியானம் வரைக்கும் நிற்க வேண்டும்.

ஒருநாள் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இறைப்பை நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேலிப் பொட்டுக்குள்ளால், ஓலை விலகிய ஓட்டைக்குள்ளால், சின்னி என்னைக் கண்டாள். விடியற்காலம் வந்தவள்.

“நாச்சியார், ஒரு வாளி ஊத்துங்கோ. சின்னவனுக்குக் காய்ச்சல். நாக்கு வறளுது.”

“அப்பு ஏசுவார். பிறகு வாறன்,” என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போனேன்.

அன்றைய சாப்பாடு என்ன என்பது கூட எனக்கு நினைவிருக்கிறது. பயிற்றங்காய்க் குழம்பும் முருங்கைக் கீரையும். கை கழுவக் கிணற்றடிக்கு வந்தேன். சின்னி உள்ளே நின்றாள். வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்து, கயிற்றைப் பிடித்து ஒரு வாளி அள்ளித் தன் குடத்தில் ஊற்றியிருந்தாள். வாளி இன்னும் அவள் கையில் இருந்தது. என்னைக் கண்டதும் ஓடவில்லை.

“கூப்பிடாதையுங்கோ நாச்சியார். ஒரு குடம்தான். இந்தா போறன்.”

நான் கூப்பிட்டேன். இதை என் அம்மாவுக்குச் சொன்னதில்லை, இவருக்குச் சொன்னதில்லை. எல்லாரும் அப்பு தற்செயலாக வந்து கண்டார் என்றுதான் நினைத்திருந்தார்கள். நான்தான் குரல் வைத்துக் கூப்பிட்டேன். “அப்பு, சின்னி கிணத்திலை அள்ளுறாள்.” கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. பாம்பைக் கண்டால் பாம்பு என்று கத்துவது போலக் கத்தினேன்.

அப்பு வந்தார். சின்னியைப் படலைக்கு வெளியே போகச் சொன்னார். அவள் குடத்தைத் தூக்கப் போனாள், அப்பு காலால் அதைத் தட்டினார். குடம் உடைந்து தண்ணீர் கிணற்றடி மண்ணில் போனது. கந்தன் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

பின்னேரம் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். கிணற்றை அடிமட்டும் இறைத்துத் துப்புரவாக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஊரில் மாடுகளுக்குக் கூடத் தண்ணீர் இல்லாத பங்குனியில், கற்கண்டு போன்ற தண்ணீர் நின்ற கிணற்றை வெறுமையாக்குவது என்று முடிவு செய்தார்கள். அதைப் புகையிலைக்காவது விடலாமே என்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டா. அப்பு அதற்கும் சம்மதிக்கவில்லை.

அடுத்த நாள் விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் இறைத்தார்கள். இரண்டிரண்டு பேராக மாறி மாறித் துலா மிதித்தார்கள். வாய்க்காலைத் தோட்டத்துக்குப் போகாமல் மறித்து, வேலியை வெட்டி, வெளியே வண்டி போகிற ஒழுங்கையில் விட்டார்கள். தண்ணீர் வண்டித் தடத்தில் நிறைந்து ஓடியது. வேலிக்கு வெளியே நின்று கேட்டுக் கிடைக்காதவர்கள் எல்லாரும் அந்த ஒழுங்கையில் இறங்கினார்கள். சிரட்டையாலும் சட்டியாலும் வண்டித் தடத்திலிருந்து அள்ளினார்கள். சின்னியும் அள்ளினாள். மண் கலங்கிய தண்ணீரைச் சீலையில் வடித்துப் புதுக் குடத்தில் ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை. ஒழுங்கையில் ஓடுகிற தண்ணீரைத் தடுக்க வழி இல்லை. அப்பு ஒழுங்கைப் பக்கம் திரும்பாமல் நின்றார். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒருதரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பொட்டடிக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் கிணறு ஊறியது. அப்பு முதல் வாளியை அள்ளி வாயில் விட்டார். துப்பினார். மறுபடி அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார். சவர். அடியோடு இறைத்ததில் நீரேரியின் உப்புத் தண்ணீர் உள்ளே இழுபட்டு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே புகையிலைக்கு விட்டார்கள். பத்து நாளில் இலை நெருப்புச் சுட்டது போலக் கருகியது. குடிக்கிற தண்ணீரை வண்டியில் பீப்பாய் வைத்து அரை மைல் தூரத்திலிருந்து கொண்டு வந்தோம். மாரி வந்த பிறகும் அந்தக் கிணறு மாறவில்லை. இன்றைக்கும் சவர்தான் என்று தம்பி எழுதுகிறான்.

சின்னியின் மகன் பிழைத்துக்கொண்டான். அந்தக் கிழமையே கந்தன் குடும்பத்தோடு குருநகர்ப் பக்கம் போய்விட்டான். அங்கே கிறிஸ்தவக் கோயில் வளவில் வேதக்காரர்கள் கிணற்றில் அள்ள விட்டார்கள் என்று கதை வந்தது. அவர்களை நான் பிறகு காணவில்லை.

5

அன்று பின்னேரம் முதல்முறையாக அந்த மேட்டில் ஏறினேன். லயத்துக் குழாயின் முன்னால் தகரங்கள் வரிசையாக இருந்தன. அஞ்சலை வரிசையில் நின்றாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை எப்படி என்று கேட்டேன். “தேவலைங்க” என்றாள். நான் கொண்டு போன பிஸ்கட் டின்னை வாங்கி, பக்கத்தில் நின்ற கிழவியிடம் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னாள். பிறகு தன் தகரத்தை வரிசையில் ஒரு இடம் முன்னே தள்ளி வைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். கேட்க வாய் வரவில்லை. எந்தச் சொல்லால் கேட்பது என்றும் தெரியவில்லை. நான் சொன்ன அந்த முதல் சொல்லுக்கா, குழாய்க்கா, இன்னும் பழையதற்கா?

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை தண்ணீர் இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், மரியாதையான மனிதர். கூட ஒரு பியூனும், லயத்துக் கங்காணியும், அஞ்சலையும் வந்தார்கள். லயத்தில் தண்ணீர் வரவில்லை என்று கங்காணி மனுக் கொடுத்திருந்தார். கீழே ஒரு வீட்டில் றப்பர்க் குழாய் பாவித்ததாக அஞ்சலை சொன்னாளாம். எந்த வீடு என்று கேட்டதற்கு அவள் எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறாள்.

இவர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். இங்கிலீஷில் பேசினார்கள். எங்கள் வீட்டில் வாளியால்தான் தண்ணீர் விடுகிறோம் என்று இவர் சொன்னது எனக்கு விளங்கியது. இவர் பொய் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இவருக்கும் அது பொய் என்று தெரியுமோ தெரியாதோ என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் இவரை நம்பினார். நம்பாமல் என்ன, தலைமைக் கிளாக்கர். கங்காணியின் பக்கம் திரும்பி, பொய் மனுக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மலாயில் ஏதோ கடுமையாகச் சொன்னார். கங்காணி உடனே அஞ்சலையைப் பார்த்து ஏசத் தொடங்கினார். அவள் தலையைக் குனியவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். வேலிப் பொட்டுக்குள்ளால் வந்த அந்தப் பார்வை போல இருந்தது எனக்கு.

நான் வாசலுக்கு வந்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச வராது. மலாயில் சந்தைக்குப் போதுமான பத்துச் சொல் தெரியும். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று சொல்ல நினைத்தேன். தண்ணீர் ஊற்றுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல் மண்டி. “சாயா மண்டி கெபுன்” என்றேன். பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் தோட்டத்தில் குளித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்ஸ்பெக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. பார்வையை நிலத்துக்குத் தாழ்த்திக்கொண்டார். நான் இன்னும் உரத்து அதையே சொன்னேன். இவர் என்னை உள்ளே போகச் சொன்னார்.

அப்போது ராசன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“சிராம், அம்மா,” என்றான் மெதுவாக. “மண்டி இல்லை. சிராம்.”

பிறகு அவனே இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, நல்ல மலாயில், தகப்பனைப் பார்க்காமல் சொன்னான். அம்மாதான் றப்பர்க் குழாயால் ஆறு நாள் தண்ணீர் விட்டா, அந்த அக்கா சொன்னது உண்மை, குழாய் குளியலறையில் இருக்கிறது. சொல்லிவிட்டு ஓடிப் போய் அந்தச் சிவப்புக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டான். அவனுடைய காது இரண்டும் சிவந்திருந்தன. என் பிள்ளை என் பாஷையை விட்டு விலகிப் போகிறான் என்று எத்தனை கடிதத்தில் குறைப்பட்டு எழுதியிருப்பேன். அன்றைக்கு எனக்கு வேண்டிய சொல் அவனிடம்தான் இருந்தது.

வழக்கு வந்தது, குற்றப்பணம் கட்டினோம். இவருடைய மேலதிகாரி கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார். குவார்ட்டர்ஸில் இருப்பவரின் வீட்டில் நடந்த மீறல் என்று இவருடைய கோப்பில் ஒரு வரி எழுதப்பட்டது. பொய் சொன்னதைப் பற்றி எழுதாமல் விட்டதே பெரிய காரியம். முருங்கை பூவெல்லாம் கொட்டி நின்றது, பிறகு பட்டுப் போயிற்று. அஞ்சலையின் பிள்ளை ஒன்பதாம் நாள் வீடு வந்தது. அதை நான் கேட்டு அறியவில்லை. மேட்டிலிருந்து பிள்ளை அழுகிற சத்தமும் அஞ்சலை அதைத் தேற்றுகிற குரலும் கேட்டன, பின்வாசலில் நின்று கேட்டேன்.

6

இவர் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் பின்னேரம் வேலை முடிந்து கந்தோரால் வந்து, பின்வாசலில் வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு நின்றார். நான் கால் துடைக்கத் துவாயோடு நின்றேன்.

“ஏன் சொன்னனீர்?” என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார்.

அப்போதுதான் அரியாலைக் கதை முழுவதையும் சொன்னேன். சின்னி நின்றது, நான் கூப்பிட்டது, குடம் உடைந்தது, கிணறு இறைத்தது, ஒழுங்கையில் அள்ளியது, சவர் வந்தது எல்லாம் சொன்னேன். இவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். இவர் மற்றக் காலைக் கழுவினார்.

“எங்கடை வீட்டிலையும் ஒருக்கா இறைச்சவை,” என்றார். “எனக்குப் பதினாறு வயசிருக்கும். நான்தான் துலாவிலை ஏறினனான்.”

இவருடைய ஊர் நெல்லியடிக்குப் பக்கத்தில். இவரைப் போல ஒரு சாது மனிதரை நான் கண்டதில்லை. எறும்பைக் கூட ஊதிவிட்டுத்தான் உட்காருவார்.

“ஆர் தொட்டது?” என்று கேட்டேன்.

“ஆரோ ஒரு கிழவன். பேர் ஞாபகம் இல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன. ரெண்டு நாளிலை ஊறிச்சுது. குடிச்சம்.”

“கிணறு சவராகேல்லையோ?”

இவர் துவாயை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை ஏன் கேட்கிறேன் என்று இவருக்கு விளங்கவில்லை.

“இல்லையே. இண்டைக்கும் நல்ல தண்ணிதானே. நீரும் குடிச்சனீர்.”

ஓம், குடித்திருக்கிறேன். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போன முதல் நாள், வெயிலில் வண்டியால் இறங்கியதும் அந்தக் கிணற்றில் அள்ளித்தான் செம்பில் தந்தார்கள். இப்படி இனிப்பான தண்ணீரை நான் குடித்ததே இல்லை என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். மாமியாருக்குப் பெரிய சந்தோஷம். இன்னொரு செம்பு தந்தா. அதையும் குடித்தேன்.